நகத்தில் ஒட்டிய திருநீறு

சோயாப் பாத்தியில் குனிந்து பூப் பார்ப்பதுதான் சடையாண்டியாரின் தொழில். விடிந்ததும் நீறு பூசி, விதை ஆராய்ச்சிப் பண்ணையின் வேலியோரம் வன்னிமரத்தடியில் இருந்த சிவலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வரிசைக்குள் இறங்குவார். அரிசியளவுப் பூவைப் பிரித்துக் கட்டைவிரல் நகத்தில் தேய்ப்பார். வெளிறிய மகரந்தத் தூள் ஒட்டினால் அது தன் தூளிலேயே காய்த்துவிடும் செடி; பிடுங்கிவிட வேண்டும். ஒட்டாவிட்டால் அது ஆண்மலட்டுச் செடி; சிவப்பு நூல் கட்டிக் காக்க வேண்டும். பக்கத்து வரிசை மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்க, அதில்தான் வீரிய ஒட்டு விதை பிடிக்கும். அடடா, அங்கே உடன் வேலை பார்த்த எனக்கு அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் ஈரமண் மணக்கிறது.

பிடுங்கிய செடிகளை மற்றவர்கள் குப்பைக்குழியில் எறிவார்கள். அவருக்கு மனம் வராது. வேரோடு தண்ணீர்ச் சட்டியில் நிறுத்தி லிங்கத்தின் முன் வைத்துவிடுவார்.

“குப்பையக் கொண்டு போயிச் சாமிக்கு வெக்கறாரு பாரு, பெரிய பக்தரு!” என்று மேஸ்திரி சிரிப்பார்.

“பூத்தது குப்பையாகுமுங்களா?” என்பார் இவர்.

ஆராய்ச்சியாளர் வசுந்தரா அம்மையார் ஈராண்டு பாடுபட்டுத் தேற்றிய பன்னிரண்டு செடிகள் ஒரு சோமவாரத்தன்று பூத்தன. அவற்றில் ஒன்றாவது மலடாக இருந்தால்தான் அந்த உழைப்பு பலிக்கும். சிவனுக்குரிய நாளென்று உடம்பெல்லாம் நீறு பூசி வந்த அடியார் சடையாண்டியார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பன்னிரண்டிலும் தூள். பன்னிரண்டையும் பிடுங்கினார்.

மதியம் கஞ்சிக்குக் கை கழுவியபோது நகக்கண்ணிலிருந்து வெள்ளையாகக் கரைந்து ஓடியது. மறைக்க நினைக்கவில்லை, நேரே அம்மையாரிடம் ஓடினார்.

“அம்மா, நான் பாத்தது பூவோட தூளில்லீங்க, என்ற நகத்துத் திருநீறுங்க. தப்புப் பண்ணிப்போட்டனுங்க.”

“பட்டை பட்டையாப் பூசாதீங்கன்னாக் கேட்டாத்தானே!” என்றார் மேஸ்திரி.

அம்மையாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “செடியெல்லாம் குழிக்குப் போயிருச்சா?”

“இல்லீங்க. சாமிகிட்ட இருக்குதுங்க.”

எல்லோரும் ஓடினோம். சட்டியில் பன்னிரண்டும் வாடாமல் நின்றன, தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. கழுவிய கையால் மறுபடி பார்த்தார்கள். மூன்றில் தூளே இல்லை.

சடையாண்டியார் மண்ணில் விழுந்து தேம்பினார். “என்ற தப்ப நீதான் கையில வாங்கி வெச்சிருந்தியா, சாமி?”

சாமிக்கு வைத்ததைத் திரும்ப எடுக்க அவருக்குக் கை எழவில்லை. அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு இரு கைகளையும் ஏந்தினார். “பிரசாதமாக் குடுங்க, பெரியவரே.”

நட்ட மூன்றும் பிழைத்தன, காய்த்தன. முதல் விதைகளை அம்மையாரே லிங்கத்தின் முன் வைத்தார். அடியார் நீறு பூசுவதை விடவில்லை. பூப் பார்ப்பதை மட்டும் நீறு தொடாத இடது கை நகத்துக்கு மாற்றிக்கொண்டார். குப்பைக்குப் போவதிலும் பூவைக் கண்ட அந்தக் கண்களை நாங்கள் கும்பிடுகிறோம்.