ஆயிரம் பனைக்கு முன்பே இறங்கியவள்

பறவைகளுக்கு ஏறுவதுதான் கடினம், இறங்குவது எளிது என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது பெரும்பிழை, உடனடியாகத் திருத்தப்பட வேண்டியது. கூழைக்கடா போன்ற பெரிய நீர்ப்பறவையை வெயிலில் சூடான காற்றே மேலே தூக்கிவிடும். இறங்குவதற்குத்தான் கணக்கு வேண்டும்.

ஒன்பது கூழைக்கடாக்கள் தொலைவிலிருந்த ஏரியில் மீன்களை விழுங்கிவிட்டு, குஞ்சுகள் காத்திருக்கும் குளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. நூறு பனை உயரம். பின்னாலிருந்து பலத்த காற்று. குளம் தொலைவில் ஒரு மீன் செதிளளவு மின்னியது.

புதிதாகத் தலைவரான பேரலகர் அன்று காலையில்தான் ஒரு சட்டம் போட்டிருந்தார்: தான் தாழும்வரை யாரும் தாழக்கூடாது.

"தலைவரே, இப்பவே தாழணும்!" என்று கத்தினாள் செவ்வலகி.

"இப்பவேயா? குளம் எங்கே கிடக்கு!"

"ஒரு பனை உயரம் தாழப் பத்துப் பனைத் தூரம் வேணும். நூறு பனைக்கு ஆயிரம். பின்காற்று வேற தள்ளுது, இன்னும் நூறு சேர்த்துக்குங்க!"

"வந்துட்டாங்க கணக்கு வாத்தியாரம்மா!" பேரலகர் சிரித்தார். "குளத்துக்கு நேர் மேலே போய்த் தலைகீழாப் பாய்வோம். கொக்குகள் வாயைப் பிளக்கட்டும்!"

"வயிறு முட்ட மீனை வெச்சுக்கிட்டா? எல்லாம் வெளியே வந்துடும்! என் குஞ்சு நேத்திலிருந்து பட்டினி!"

"வரிசையை விட்டு விலகினா குளத்தங்கரை மரத்துல உனக்குக் கூடு கிடையாது!"

"மரத்தை நீங்களா நட்டீங்க? நான் தாழுறேன். முடிஞ்சா தடுங்க!"

செவ்வலகி இறக்கையைத் தளர்த்தினாள். மற்ற ஏழும் அவளைப் பார்த்தன, தலைவரைப் பார்த்தன, தலைவர் பின்னாலேயே போயின.

வயல்களும் பனைகளும் மெல்ல மெல்லப் பெரிதாயின. கிளைகூட அதிகம் ஆடாமல் அவள் தன் கூட்டில் வந்து அமர்ந்தாள். குஞ்சு அவள் தொண்டைக்குள் தலையை விட்டுத் தின்றது.

அப்போது மேலே பெரிய இரைச்சல். எட்டும் தலைகீழாகப் பாய்ந்து வந்தன. வேகத்தை அடக்க முடியவில்லை. பயத்தில் மீன்களைக் கக்கின. தண்ணீரில் வழுக்கி, கரையைத் தாண்டி, முள்வேலிக்குள் போய்ச் செருகிக்கொண்டன. கொக்குகள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை, மீன் பொறுக்கிக்கொண்டிருந்தன.

இறங்கும் இடம் தொலைவில் இருக்கும்போதே அதற்கான கணக்கைச் சரியாகப் போட்டவர்கள், யார் மிரட்டினாலும் அதைக் கைவிடக் கூடாது.

மறுநாள் வரிசையில் பேரலகர் ஒன்பதாவதாகப் பறந்தார்.