எடுத்துப் போடச் சொன்ன இரண்டு வருஷங்கள்

பம்பாயில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பி வந்தவர் கோமதிநாயகம். மனைவி இல்லை. ஒரே மகள். சாயங்காலமானால் மலையடிவாரத்தில் இருக்கும் சிறிய மடத்துக்குப் போய்க் குருவோடு உட்கார்ந்திருப்பார். குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதனால் சீடரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா ஆவுடையம்மாள் காலமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. அன்று கோமதிநாயகம் போனபோது குரு கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, எனக்கு ஒரு வழி சொல்லணும்."

"என்ன அண்ணாச்சி?"

"எங்கம்மாவோட கடைசி ரெண்டு வருஷத்தை என் மனசுல இருந்து எடுத்துப் போடணும்."

குரு வாளியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?"

கோமதிநாயகம் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மா எப்படி இருந்தவ தெரியுமா சாமி? எங்கப்பா போகும்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. வீடு வீடாச் சமைச்சா. அப்புறம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமைச்சா. அடுப்புப் புகையில நின்னுதான் என்னைக் காலேஜுக்கு அனுப்பினா. ஆனா ஒரு நாள்கூட அழுது நான் பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா தெருவுல உள்ள பொம்பளைப் பிள்ளைகளை எல்லாம் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. எங்க தெருவுல நீச்சல் தெரியாத பொண்ணு கிடையாது. சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டுக் குதிச்சான்னா, அக்கரையிலதான் தலை தெரியும். நான் கரையில துணிமணிக்குக் காவல் இருப்பேன். அங்கே நின்னு கையை ஆட்டுவா."

கோமதிநாயகத்தின் கை தானாக உயர்ந்து காற்றில் அசைந்தது. பிறகு மடியில் விழுந்தது.

"இப்போ கண்ணை மூடினா அந்த முகம் வரமாட்டேங்குது. கட்டில் மூலையில ஒடுங்கி உக்காந்துக்கிட்டு, 'யாருய்யா நீ?'ன்னு கேட்ட முகம்தான் வருது. நான் ஊட்டுன சோத்தைத் தின்னுக்கிட்டே கேட்டா சாமி. ஒரு நாள் இல்ல. தினமும்."

குரு அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சரி, எடுத்துப் போட்டுடலாம்," என்றார்.

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ரெண்டு வருஷத்துல உங்களைத் தவிர வேற யாருக்காவது பங்கு இருக்கா அண்ணாச்சி?"

"பங்கா?"

"பங்குள்ளவங்க சம்மதிக்கணும்லா?"

அவர் யோசித்தார். "எம் மக குழலி கூடவே இருந்தா. வேற யாரும் இல்ல."

"அவளைக் கூட்டிட்டு வாங்க."

குழலிக்குப் பத்தொன்பது வயது. பாட்டி போன புதிதில் அவள் இரண்டு மூன்று தடவை, "அப்பா, ஆச்சி கடைசியில..." என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் கோமதிநாயகம் எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் அவள் ஆரம்பிப்பதில்லை. சாப்பிடும்போதுகூட வீட்டில் பேச்சு இல்லாமல் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை மடத்துக்கு அழைத்து வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

குரு அவளை உட்காரச் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்.

"உங்க ஆச்சியோட கடைசி ரெண்டு வருஷத்தை மறந்துடணும்னு அப்பா கேக்காரு. உனக்குச் சம்மதமாம்மா?"

குழலி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஆச்சி கிடைச்சதே அந்த ரெண்டு வருஷம்தான்," என்றாள். "பம்பாயில இருக்கும்போது வருஷத்துக்குப் பத்து நாள் லீவுல பாத்தது. அப்போ ஆச்சி எனக்கு முறுக்கு சுட்டுத் தருவா. அவ்வளவுதான் தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆச்சிக்கு நான் குழலி இல்ல சாமி. சண்முகத்தாய். ஆச்சியோட சின்ன வயசு சேக்காளி. சாயங்காலம் அப்பா இந்த மடத்துக்குக் கிளம்பினதும், 'ஏட்டி, ஆத்துக்குப் போவோம்'னு ஆரம்பிச்சுடுவா. நடக்க முடியாதே? பெரிய பேசின்ல தண்ணி ஊத்தி ஆச்சி காலை அதுல வைப்பேன். 'ஆத்துல இழுப்பு ஜாஸ்தியா இருக்கு, என் கையை விட்டுடாத'ம்பா. கட்டில்ல இருந்தபடியே ரெண்டு கையையும் வீசி எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தா. என் மூஞ்சியில தண்ணியை வாரி அடிச்சுட்டு, மூச்சு முட்டச் சிரிப்பா."

"சிரிச்சாளா?" என்றார் கோமதிநாயகம்.

"தினமும் சிரிப்பாப்பா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

குழலி தயங்கினாள். "சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க."

"போகலை. சொல்லு."

"மத்தியானம் நீங்க ஊட்டிட்டு அந்தப் பக்கம் போனதும், என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுல சொல்லுவா. 'ஏட்டி சண்முகம், இந்த மனுசன் யாருன்னே தெரியல. தினமும் வாராரு. சோத்தை ஊதி ஊதி ஊட்டுதாரு. வாயைத் தொடைச்சு விடுதாரு. யாரு பெத்த பிள்ளையோ. பம்பாயில இருந்து எம் மவன் வரட்டும், இவரை அவனுக்குக் காட்டணும். ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போகும்'னு."

கோமதிநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. குழலி நகர்ந்து வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரு எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழைய இடத்தில் அமர்ந்தார்.

வெகு நேரம் கழித்துக் கோமதிநாயகம் துண்டை எடுத்தார்.

"இருந்தாலும் சாமி... நான் யாருன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சே."

"பேருதான் தெரியலை, அண்ணாச்சி," என்றார் குரு.