மூன்றாவது ஹெட்போன்

இந்தக் கதையில் வாய்விட்டுச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அது கடைசியில்தான் வரும். அதுவரை யாரும் சிரித்துவிடக் கூடாது. ஷெரின் அக்கா எனக்குப் போட்ட நிபந்தனை அது. மத்தியானத்திலிருந்து நான் அதைக் காப்பாற்றினேன், கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு. நீங்களும் கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் அக்கா கேமிங் சென்டர் வைத்திருக்கிறாள். எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அக்காவுக்கு வயது இருபத்திரண்டு. அவளுடைய சீடர் சிவசைலம் சாருக்கு நாற்பத்தாறு.

பாலிடெக்னிக்கில் அவர்தான் அவளுக்கு எந்திர வரைபடம் நடத்தினார். அந்தப் பாடத்தில் அவள் இரண்டு அரியர் வைத்தாள். இப்போது அவர் இங்கே வந்து, துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் எதிரியின் காலடியைக் கேட்டுத் திரும்புவது எப்படி என்று அவளிடம் படிக்கிறார். "குருவே" என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் கிண்டல் உதிர்ந்து, குரு மட்டும் மிச்சம்.

அன்று சனிக்கிழமை. சார் காலையிலேயே மாடியேறி வந்தார். முகம் சரியில்லை.

"குருவே, லெனின் கடைசியா சொல்லிட்டான்."

லெனின், சார் விளையாடும் அணிக்குக் கேப்டன். நாலு பேர் அணி. போன மாத மேட்சில் மூன்றாவது மணி நேரத்தில் சாருக்குக் காது வலி தாங்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கம்பியின் மேல் ஹெட்செட் அழுத்தி, காதுக்கு மேலே பள்ளம் விழுந்துவிட்டது. ஒரு நிமிடம் கழற்றித் தேய்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் பின்னால் வந்தவனின் காலடி அவருக்குக் கேட்கவில்லை. அணி தோற்றது.

"என்ன சொன்னான்?"

"நாளைக்கு நாலு மணி நேர மேட்ச். நடுவுல ஒரு தடவை கழட்டினா, அடுத்த மேட்ச்சுக்கு வேற ஆளாம்."

"ஆமா சார், வேற ஆளுதான் சார்," என்றேன் நான், லெனினைப் போலவே மூக்கால். சார் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்.

"ஏல ஜோயல், அடங்குல," என்றாள் அக்கா.

மேசையில் மூன்று ஹெட்போன்கள் இருந்தன. மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் காதர் பாய் கொடுத்தவை. போட்டுப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

"இதுல எது நல்லது குருவே?"

"போட்டுப் பாருங்க சார்."

முதலாவது காதை இறுக்கி மூடுகிற ரகம். போட்டதும் சாரின் கண்கள் விரிந்தன.

"யம்மா! நெஞ்சுல குத்துது! இதேதான். இதையே முடிச்சிருவோம்."

அக்கா விளையாட்டைத் திறந்து காலடிச் சத்தம் வரவிட்டாள். "எந்தப் பக்கம் வாரான் சார்?"

சார் கழற்றினார். "என்னம்மா?"

"எந்தப் பக்கம் வாரான்?"

மறுபடி போட்டு உற்றுக் கேட்டார்.

"மண்டைக்கு உள்ள வாரான்."

இரண்டாவது வயர் இல்லாதது. அரை மணி நேரத்தில் காதெல்லாம் வேர்த்துவிட்டது. அக்கா ஒவ்வொரு முறை பேசும்போதும் அவர் கழற்றினார். "என்னம்மா?" என்றார். போட்டார். கழற்றினார். அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மூன்றாவதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதுமூடியின் வெளிப்பக்கத்தில் அட்டை இல்லை, பிளாஸ்டிக் இல்லை. வெறும் கம்பி வலை.

"என்னம்மா இது, கொசுவலை அடிச்ச ஜன்னல் மாதிரி இருக்கு?"

"பின்பக்கம் திறந்த மாடல் சார். உள்ள ஓடுறது வெளிய கேக்கும். வெளிய பேசுறது உள்ள கேக்கும்."

"அப்ப அது ஹெட்போனா, வாசக்கதவா?"

"பஸ்ஸுல போட்டா பக்கத்து சீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். நீங்க எங்க விளையாடுவீங்க?"

"வீட்டு மாடி ரூம்ல."

"அங்க யாரெல்லாம் இருப்பா?"

"நானும் தண்ணி டேங்க்கும்."

"டேங்க் ஒண்ணும் சொல்லாது."

சார் வயரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "சரி, இந்தக் காலத்துல இது எதுக்கு? மாட்டைக் கட்டுற கயிறு மாதிரி."

"இருக்கட்டும் சார். ஒரு நேரத்துக்கு உதவும்."

அக்காவே அதை அவருக்குப் போட்டுவிட்டாள். கண்ணாடிக் கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கி, தலைப்பட்டையை இரண்டு படி தளர்த்தினாள். வயரை அவர் தோளுக்குப் பின்னால் விட்டாள். மணி ஒன்று.

"காது வலிச்சா சொல்லுங்க."

"அதைப் பாக்கத்தானே வந்திருக்கேன்."

விளையாட்டு தொடங்கியது. சார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"படியில ரெண்டு பேர்... இடது பக்கம், கொஞ்சம் பின்னால... ஒருத்தன் நின்னுட்டான்."

திரும்பினார். சுட்டார். இரண்டு பேரும் விழுந்தார்கள். போன வாரம் வரைக்கும் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்த மனிதர். நான் வாயை மூட மறந்து நின்றேன்.

நாலைந்து ஆட்டம் முடிந்ததும் அக்கா ஒரு நாகஸ்வரக் கச்சேரியை மெதுவாக ஓடவிட்டாள். சார் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

"தவில்காரர் அங்க உக்காந்திருக்கார் குருவே."

அங்கே ஏசி ஸ்டெபிலைசர்தான் இருந்தது. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் நானும் ஒரு முறை பார்த்துவிட்டேன்.

அக்கா அவருக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் கேட்டாள். "டீ சொல்லவா சார்?"

"சொல்லும்மா. சீனி கம்மியா."

கை காதுக்குப் போகவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அக்கா உதட்டில் விரல் வைத்தாள். நான் கன்னத்தைக் கடிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

டீ வந்தது. பேச்சும் வந்தது.

"அந்த ரெண்டு அரியரும் நீங்க வேணும்னே போட்டதுதானே சார்?"

"ஸ்கேல் வெச்சுக் கோடு போடச் சொன்னேன். நீ வெறுங்கையால போட்ட."

"நேராத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு." சார் டீயை ஒரு மிடறு குடித்தார். "ஸ்கேல் வெச்சுப் பாத்தேன். இம்மி பிசகல. அதுலதான் எனக்குக் கோவம்."

அக்காவின் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஐந்தரை மணிக்கு அவள் மூக்கைத் தேய்த்தாள். எனக்கான சைகை. நான் நழுவிப் படிக்கட்டில் பாதி இறங்கி, வெற்றிலை அடக்கிய வாய் மாதிரி குரலை மாற்றிக் காதர் பாய் ஆனேன்.

"ஷெரின் பாப்பா! கடையை அடைக்கணும்! மூணையும் பெட்டியில போட்டு வை! எனக்கு முட்டு வலிக்கு, கீழயே நிக்கேன்!"

திரும்பி மேலே வந்தபோது சார் எழுந்து நின்றிருந்தார். "பாய் வந்துட்டார் குருவே! பாதிப் படியில நிக்கார்!"

நான் நின்ற இடம் அதுதான். ஓர் அடி பிசகில்லை.

அவசரமாக முதலாவதைப் பெட்டியில் வைத்தார். இரண்டாவதை வைத்தார். மூன்றாவது பெட்டி காலி.

"மூணாவது எங்கம்மா?"

"உங்ககிட்டதானே இருந்துச்சு சார்."

"நான் டீ வந்தப்பவே கழட்டிட்டேனே. இல்லேன்னா இவ்வளவு நேரம் நாம எப்படிப் பேசிக்கிட்டிருப்போம்?"

மேசைக்கு அடியில் பார்த்தார். தோளில் கிடந்த வயரைத் தள்ளிவிட்டுக்கொண்டு நாற்காலிக்கு அடியில் குனிந்தார்.

"அந்தப் பாட்டை நிறுத்தும்மா, தேடவிட மாட்டேங்குது."

அக்கா பாட்டைக் கொஞ்சம் குறைத்தாள்.

"போகட்டும் சார். ரெண்டு இருக்குல்ல. முதல் ஹெட்போன்தான் நெஞ்சுல குத்துதே, அதை முடிச்சிருவோமா?"

சார் முழங்காலில் நின்றபடியே நிமிர்ந்தார்.

"வேண்டாம்மா. மூணாவதுதான்."

"அது வலிக்கலையா?"

சார் நெற்றியில் கை வைத்தார்.

"அதைப் பாக்கவே மறந்துட்டேன் குருவே."

"அப்ப நாளைக்கு மேட்ச்?"

"வலிக்குமா வலிக்காதான்னு தெரியாம எதை நம்பி நாலு மணி நேரம் உக்கார? திரும்ப ஒரு தடவை போட்டுப் பாத்தாத்தான் தெரியும்." எழுந்தார். "பாய்கிட்ட அரை மணி நேரம் கேட்டுட்டு வாரேன். அதுக்குள்ள நீ தேடி எடு."

கடித்த கன்னம் வாயில் உப்புக் கரித்தது.

சார் படியை நோக்கி வேகமாக நடந்தார். ஓர் அடி. இரண்டு. மூன்று. நாலாவது அடியில் வயர் விறைத்தது. தலை பின்னால் சொடுக்கியது.

நின்றார்.

வலது கை மெதுவாக எழுந்து காதருகே போனது. விரல்களில் கம்பி வலை தட்டுப்பட்டது. கை அங்கேயே நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து... ஐந்தரை.

"குருவே... நாலரை மணி நேரம்..."

"வயர் எதுக்குன்னு கேட்டீங்கள்ல சார்," என்றாள் அக்கா.