சிரிக்கிற லேபிள்

எங்கள் மடத்துக்கு வருகிறவர்கள் சாவைப் பற்றிக் கேட்பார்கள், பிறவியைப் பற்றிக் கேட்பார்கள். வெயிலுமுத்து அண்ணாச்சி மட்டும் சீயக்காயைப் பற்றிப் பேசுவார்.

அவரைக் குறை சொல்லவில்லை. 'செல்லக்கனி சீயக்காய்' என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாத பெட்டிக்கடை கிடையாது. செல்லக்கனி அவருடைய மனைவி. அந்த அம்மாள் வீட்டில் இடித்து, சலித்து, அக்கம்பக்கத்தில் விற்ற தூள்தான் பிறகு கம்பெனி ஆனது. அண்ணாச்சி எல்லாரையும் போல லேபிளில் மனைவியின் போட்டோவைப் போட்டார். கீழே, 'உருவப்படத்தைப் பார்த்து வாங்குங்கள், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.' அப்படிப் போட்டால் போலி வராமலா இருக்கும்? அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த மறுவருஷமே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

எங்கள் குரு சங்கரவடிவம்மா. நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணாச்சிக்கு மகள் வயசுதான் இருக்கும், ஆனால் அவரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். "சாத்தூர்ல ஒருத்தனைப் பிடிச்சோம்மா. கோவில்பட்டியில ஒருத்தன் தப்பிச்சுட்டான்." தியானத்துக்குக் கண்ணை மூடினாலும் போலி பாக்கெட்தான் தெரியும் போல. இந்த மனுஷனுக்கு எதுக்கு மடம், போலீஸ் ஸ்டேஷன் போதாதா என்று நான் அடுப்படியில் முணுமுணுத்திருக்கிறேன். மடத்தில் சமையல் என் பொறுப்பு. முணுமுணுப்பதற்கு அடுப்படியை விட்டால் வேறு இடம் ஏது?

ஆனால் அந்தப் போலித் தூளை வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. செம்மண்ணும் மரத்தூளும் கலந்து என்ன எழவைப் போட்டிருந்தானோ, தலை வெந்து, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ரொம்ப நாள் முக்காடு போட்டுக்கொண்டே சோறு வடித்தேன். அதனால் அண்ணாச்சியின் கோபம் எனக்குப் புரியும்.

ஒரு நாள் மதியம் அம்மாவும் நானும் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். வாசலில் வேன் வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். பின்னால் மூட்டை மூட்டையாக என்னவோ இருந்தது. அதில் ஒரு மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தார்.

"கேஸ் ஜெயிச்சாச்சும்மா."

"சந்தோஷம். அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"போலி லேபிள் பூராத்தையும் என்கிட்டயே ஒப்படைச்சு அழிக்கச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில வக்கீல் முன்னால கொளுத்தணும். ஒண்ணுகூட மிஞ்சக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு."

"கொளுத்துங்க."

"முடியலம்மா."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "என்ன அண்ணாச்சி இது? இதுக்குத்தானே இத்தனை வருஷம் நாயா அலைஞ்சீங்க? உங்களால முடியலைன்னா சொல்லுங்க, நான் வந்து தீக்குச்சி உரசுறேன்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு லேபிளை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இது எங்க லேபிள்மா. ஸ்டூடியோக்காரன் அசையாதீங்கன்னு சொன்னான். அவ மூச்சை அடக்கிட்டு முறைச்சுப் பார்த்தா. அந்த போட்டோதான் இது. இன்னொண்ணு அந்தக் களவாணிப் பய அடிச்சது. அச்சு அசலாப் போட்டா மாட்டிக்குவோம்னு பயந்து, படத்துல கொஞ்சம் மாத்தியிருக்கான்."

நான் எட்டிப் பார்த்தேன். அதே முகம், அதே மூக்குத்தி, அதே நடுவகிடு. ஆனால் போலியில் அந்த அம்மாள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷம் இதைப் பார்க்கலையா?" என்றார் அம்மா.

"எங்கேம்மா பார்த்தேன்? கோபம் கண்ணை மறைச்சிருச்சு. கையில கிடைச்சதும் கிழிப்பேன், இல்லைன்னா போலீஸ்கிட்ட வீசுவேன். நேத்துத்தான் மூட்டையப் பிரிச்சேன். மூட்டை நிறைய சிரிச்சுக்கிட்டு இருக்காம்மா."

அண்ணாச்சி தரையில் இருந்த லேபிளை நேராக்கி வைத்தார்.

"வீட்டுல இருக்கிற ஒரு போட்டோவுலயும் அவ சிரிக்கலை. கல்யாணப் படத்துல தலையைக் குனிஞ்சிருக்கா. அவ போனதுல இருந்து அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. அடுப்படியில சத்தம் கேட்ட மாதிரி இருக்கும். திரும்புவேன். முகம் வராது. எத்தனையோ நாள் சோத்துல கையை வச்சுக்கிட்டு உக்காந்து யோசிச்சிருக்கேன். வரவே வராது."

"சரி."

"இதுல ஒண்ணே ஒண்ணு எடுத்து வச்சுக்கவாம்மா? யாருக்கும் தெரியாம?"

நான் ஏமாந்த அன்றைக்குக் கடையில் இரண்டு பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சிரித்த முகமாக இருக்கிறதே என்று நானும் இதைத்தான் எடுத்தேன். "ஒண்ணுதானேம்மா, வச்சுக்கிட்டுப் போகட்டுமே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"நீ புளியைப் பாரு" என்றார் அம்மா.

கையைத் துடைத்துக்கொண்டு போலி லேபிளை எடுத்தார்.

"இது அவங்க சிரிப்பா, அண்ணாச்சி?"

"அவளுதுதாம்மா." மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். "தெரியலம்மா. அவளுதா இருக்கக் கூடாதான்னு இருக்கு."

அம்மா லேபிளில் இருந்த வாயைக் கட்டைவிரலால் மறைத்தார்.

"இப்பப் பாருங்க."

அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். தன் லேபிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. இதுலயும் முறைக்கத்தான் செய்றா."

"சிரிச்சா அவங்க கண்ணு எப்படி இருக்கும்?"

"கண்ணா? கண்ணே இருக்காதும்மா! இடுங்கிப் போயிரும். தண்ணியா ஊத்தும்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல் முதல்ல அரைக்கிற மிஷின் வாங்கினப்போ, மூடியை மாட்டாம சுவிட்சைப் போட்டுட்டேன். தூள் பூரா என் மேல. தும்முறேன், தும்முறேன், நிக்கவே மாட்டேங்குது. ஒரு கையால வேட்டியைப் பிடிச்சுக்கிட்டுத் தும்முறேன். அவ சிரிச்சா பாருங்க, நிக்க முடியாம அப்படியே தரையில உக்காந்துட்டா. போதும் போதும்னு என்னைப் பார்த்துக் கையை ஆட்டுறா. யம்மா, வந்துருச்சு! முகம் வந்துருச்சும்மா!"

அவர் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"முழுசா வந்துச்சா?" என்றார் அம்மா.

"வந்துச்சும்மா. கண்ணு வந்துச்சு, மூக்குத்தி வந்துச்சு..."

அங்கே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"வாயை முந்தானையால மூடியிருக்காம்மா. எப்பவும் அப்படித்தான் சிரிப்பா."

"ஏன்?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

"பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். கல்யாணமான புதுசுல, 'சிரிக்காத புள்ள, பார்க்கச் சகிக்கலை'ன்னு ஒரு நாள் சொன்னேன். விளையாட்டுக்குத்தாம்மா சொன்னேன். அன்னைக்கு மூடினவதான்."

அடப்பாவி மனுஷா என்று திட்ட எனக்கு வாய் வரை வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை.

அம்மா விரலை எடுத்துவிட்டு லேபிளை நீட்டினார். அதில் வரிசையாக, ஒரே அளவாக, அழகான பல். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு மூட்டைக்குள் போட்டார். கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"நாளைக்கு எல்லாத்தையும் கொளுத்திர்றேம்மா. ஒண்ணும் வேண்டாம். இது எவளோ."

ஆனால் எழுந்து போகவில்லை. கட்டிய மூட்டையின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, எனக்கு வேற எந்த ஆசையும் இல்லை. அந்த முந்தானையை எடுத்துட்டு, அந்தக் கோணப் பல்லோட, ஒரே ஒரு தடவை அவ என் முன்னால சிரிச்சிருந்தாப் போதும். அதை ஒரு தடவை பார்த்திருந்தா, இப்ப கண்ணை மூடி வச்சுக்குவேன்."

அம்மா அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"எடுன்னு என்னைக்காவது சொன்னீங்களா, அண்ணாச்சி?"