அழித்தும் போகாத குரல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே ஓவர்லாக் மிஷினில் தைக்கிற பெனிட்டாவுக்கு இருபத்து மூன்று வயது. கையில் இருப்பதோ திரை கீறல் விட்ட பழைய போன். அதிலேயே பாடி, தாளம் போட்டு, முழுப் பாட்டையும் முடித்துவிடுவாள். எல்லாம் இலவச ஆப். ஆப் காசு கேட்டால் விளம்பரத்தைப் பார்த்துத் தொலைத்துவிட்டு வேலையைத் தொடர்வாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பெண்கள் அவளிடம் கற்றுக்கொண்டார்கள். தட்சணை, டிபன் பாக்ஸில் பாதி.

சிஷ்யைகளில் வயதில் மூத்தவள், தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் மரகதம். ஐம்பத்திரண்டு வயது. எதுவும் சட்டென்று மண்டையில் ஏறாது. ஆனால் லேசில் விடவும் மாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை, டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல், தன் போனை நீட்டியபடி வந்து நின்றாள்.

"அம்மிணி, இந்தப் போனுக்கு என்னமோ ஆயிப்போச்சு. பாட்டுல சுலோச்சனா பாடின ட்ராக்கை அழிச்சுட்டேன். ஆனா அவ பாடிட்டேதான் இருக்கறா."

சுலோச்சனா, மரகதத்தின் தங்கை. கோபியில் இருக்கிறாள். மரகதத்தின் மகள் மாசமாக இருந்தபோது, பிறக்கப்போகிற குழந்தைக்காக அக்காவும் தங்கையும் ஒரு தாலாட்டுக் கட்டி இந்தப் போனில்தான் பதிந்தார்கள். இப்போது குழந்தை பிறந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பாட்டைப் போட்டே ஆகவேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

"எத்தனை தடவை அழிச்சீங்க?"

"மூணு தடவை. போனை அணைச்சு அணைச்சுப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வைரஸ்ங்கறா. எனக்கு ஒண்ணுமே புரியலை."

பெனிட்டா போனை வாங்கிக் காதில் வைத்தாள். மரகதத்தின் குரல் கணீரென்று இருந்தது. அதற்குப் பின்னால், அடுத்த அறையில் யாரோ பாடுகிற மாதிரி, மெலிசாக இன்னொரு குரல்.

"நீங்க பாடறப்ப ஹெட்போன் போட்டிருந்தீங்களா?"

"அதுலதான் ஒரு பக்கம் கேக்கறதில்லையே. அவ மொதல்ல முழுப் பாட்டையும் பாடி வெச்சா. அதை ஸ்பீக்கர்ல ஓடவிட்டுட்டு நான் கூடவே பாடினேன்."

"அதானுங்க. உங்க குரலைப் பிடிச்ச மைக்கு, ஸ்பீக்கர்ல வந்த அவங்க குரலையும் சேர்த்துப் பிடிச்சிருச்சு. நீங்க அழிச்சது அவங்க ட்ராக்கை. இது உங்க ட்ராக்குக்குள்ளயே இருக்குது."

"அப்ப அதைப் பிரிச்சு எடுத்துரு."

"எதுக்குங்க எடுக்கணும்?"

மரகதம் படிக்கட்டில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

வளைகாப்பு அன்று சுலோச்சனா வளையலை எடுத்துக்கொண்டு ஆசையாக முன்னால் வந்தாள். "புள்ளை பெத்தவங்க போட்டாப் போதுமே" என்றாள் சம்பந்தியம்மா. சுலோச்சனாவுக்குக் குழந்தை இல்லை. வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு, சாப்பிடாமல், அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"அந்தம்மா அப்படிச் சொன்னப்ப நீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

பெனிட்டா அவளைப் பார்த்தாள்.

"சத்தியமா அம்மிணி, நான் ஒரு வார்த்தை சொல்லலை. பொண்ணு வாழப்போன எடம். நான் என்னத்தைச் சொல்றது? இப்ப அந்தம்மா முன்னாடி இவ குரல் வந்தா, மறுபடியும் ஒரு பேச்சு வரும். எதுக்கு வம்பு? நீ எடுத்துரு."

பெனிட்டா நியாயம் எதுவும் பேசவில்லை. "பிரிக்க முடியாதுங்க, புதுசாத்தான் பாடிப் பதியணும்" என்று எழுந்து நடந்தாள். மரகதமும் பின்னால் போனாள்.

கம்பெனிக்குப் பின்னால் வேஸ்ட் குடோன். வெட்டி மிஞ்சிய பனியன் துணி மேற்கூரை வரைக்கும் குவிந்து கிடக்கும். உள்ளே போய்விட்டால் மிஷின் சத்தம், லாரி சத்தம் ஒன்றும் எட்டாது. அதுதான் பெனிட்டாவின் ஸ்டூடியோ. வாடகை கிடையாது, தும்மல் மட்டும் வரும்.

மரகதத்தின் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, துணி மூட்டை மேல் வைத்தாள்.

"பாடறப்ப நடுவுல போன் வந்தா எல்லாம் போச்சுங்க. இப்ப யாரும் உங்களைக் கூப்பிட முடியாது, நீங்களும் யாரையும் கூப்பிட முடியாது. தனியாப் பாடுங்க."

மரகதம் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். போட்டுக் கேட்டார்கள். தங்கையின் குரல் மருந்துக்கும் இல்லை. ஆனால் முதல் அடி முடிந்ததும் பாட்டு நின்றுபோயிருந்தது. நாலு தாளம் கழித்துத்தான் அடுத்த அடி வந்தது.

"நடுவுல ஏன் நிறுத்துனீங்க?"

"நிறுத்தினனா?"

"இன்னொருக்காப் பாடுங்க. நிறுத்தாம."

பாடினாள். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை பெனிட்டா தொடையில் தட்டித் தாளம் கொடுத்தாள். மரகதம் அவசரமாக அடுத்த அடிக்குத் தாவி, வார்த்தையை மறந்து, தலையில் அடித்துக்கொண்டாள். நான்காவது முறை மறுபடியும் அதே இடம்.

"என்ன கருமமோ தெரியலை, வாய் தன்னால நின்னுக்குது."

"அந்த இடத்துல என்ன வரும்?"

"நான், 'யாரு வந்தா உன்னைப் பாக்க'ன்னு பாடுவேன். அவ, 'நான் வந்தேன்'னு பாடுவா."

சொல்லிவிட்டு மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க ஏதாச்சும் போட்டு நிரப்பிரு அம்மிணி. ஆப்ல இல்லாததா?"

பெனிட்டா புல்லாங்குழல் வைத்துப் பார்த்தாள். குழலோடு சின்னதாக ஒரு மணிச்சத்தமும் சேர்த்தாள். கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பாட்டு எங்கேயும் நிற்காமல் ஓடியது.

மரகதம் இரண்டு தடவை கேட்டாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் அவளுக்குப் புரியவில்லை.

"அம்மிணி, இந்த எடத்துல ஒருத்தி இருந்தான்னு கேக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாதுங்கக்கா. அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லாம நின்னதுகூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க தங்கச்சி ஒருத்தருக்குத்தான் அது கேட்டிருக்கும்."

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. பெனிட்டா எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டினாள். மரகதம் எழுந்திருக்கவில்லை. மூட்டை மேல் இருந்த போனை எடுத்தாள். தங்கையின் நம்பரைத் தேடி, அழுத்தி, காதில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"ரிங்கே போக மாட்டேங்குது அம்மிணி. அவ என்னை ப்ளாக் பண்ணிட்டாளாட்ட இருக்குது."

"அவங்க ஒண்ணும் பண்ணலைங்க" என்றாள் பெனிட்டா. "உங்க போன்தான் இன்னும் ஏரோப்ளேன் மோடுல இருக்குது."