கடைசிப் பந்தி

வடிவாம்பாளுக்கு ஐம்பத்தாறு வயது. அவளுடைய ஆசான் சிவப்பிரகாசம் அவளைவிட இரண்டு வயது இளையவர். ஞானத்துக்கு வயது ஏது? பதினோரு வருடமாக அவரிடம்தான் பாடம் கேட்டுவந்தாள்.

அவள் அப்பா தியாகேசனுக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. பெற்ற மகளையே அடையாளம் தெரியாது. காய்ச்சலென்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். அங்கே சாப்பாட்டு வண்டி வந்தால் போதும், அவர் கட்டிலைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை விழுந்தும்விட்டார். நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்சுகள். அவர்கள்தான் என்ன செய்வார்கள்? சாப்பாட்டு நேரத்தில் அவர் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டியபின் ஊட்டப் போனால் அவர் வாயே திறக்கவில்லை.

‘சாப்பிட மறுக்கிறார்’ என்று மூன்று நாளாகக் கட்டிலில் தொங்கும் அட்டையில் எழுதினார்கள். நாளைக் காலையில் மூக்கில் குழாய் போடுவதென்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாயைப் பிடுங்குவார், பிறகு நாள் முழுக்கக் கையைக் கட்டித்தான் வைப்பார்கள். கூட இருப்பவர்களுக்கு அங்கே சாப்பாடு கிடையாது. டீயும் பன்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆசான் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டுக் கேட்டாள்.

“நான் யாருன்னே தெரியாதவர்கிட்ட, நான் இருந்து என்ன ஐயா பிரயோஜனம்?”

“அப்பா என்ன வேலை பார்த்தார்?” என்று கேட்டார் ஆசான்.

“கல்யாண வீடுகள்ல பந்தி விசாரிக்கிறவர். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் அவருக்கு இலை.”

“இங்க யாராவது இதைக் கேட்டாங்களா?”

“கேக்கலை. நானும் சொல்லலை.”

இட்லி வண்டி வந்தது. விழாமல் நான் பிடித்துக்கொள்கிறேன் என்று ஆசான் நர்சிடம் சொன்னார். நர்சு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்.

தியாகேசன் இறங்கி நடந்தார். ஆசான் தோளைத் தாங்கியபடி கூடவே போனார். பெரியவர் ஒவ்வொரு கட்டிலாக நின்று, இட்லி வந்ததா, சட்னி போதுமா என்று விசாரித்தார். ‘வந்தது, போதும்’ என்று எல்லோரும் சொன்னார்கள். காலில் மாவுக்கட்டோடு கிடந்த ஒருவர், திருப்தியாகச் சாப்பிட்டாயிற்று என்று கும்பிட்டார்.

திரும்பி வந்தும் பெரியவர் உட்காரவில்லை. வடிவாம்பாளையே பார்த்தார். பிறகு தன் தட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நீங்க இன்னும் சாப்பிடலையேம்மா. எந்த ஊரு?”

அவளுக்கு அழுகை முட்டியது. ஊரைச் சொன்னாள். அட, நம்ம ஊர்தான் என்று சந்தோஷப்பட்டார். அவள் இரண்டு இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம்தான் உட்கார்ந்தார். நர்சு வேறு தட்டு கொண்டுவந்தார். நான்கு இட்லி உள்ளே போனது. ‘எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவார்’ என்று நர்சு அட்டையில் எழுதினார்.

வடிவாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“யாரோ ஊர்க்காரின்னு நினைச்சுத்தானே ஐயா எனக்குக் கொடுத்தார்?”

“ஆமாம். யாரோ ஒருத்தி பசியோட நிக்கக் கூடாதுன்னு நினைக்கிறவர்” என்றார் ஆசான். “அவருக்குத்தான் நீங்க மகள்.”