பத்தரை மணி முகூர்த்தம்

டாக்டர் அருமைநாயகத்துக்கு வயசு ஐம்பது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருபது வருசம் காய்ச்சலும் பிரசவமும் பார்த்துவிட்டு, தாலுகா ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அங்கே அவருக்குத் தொழில் சொல்லித் தருகிற டாக்டர் ஷகிலா பானு அவரைவிடப் பதினைந்து வயசு இளையவர்.

கூச்சத்தை விட்டு அன்றைக்குக் கேட்டார்.

"மேடம், தலையில அடின்னு வர்றாங்க. நல்லாத்தான் பேசறாங்க. இதுல யாரை ஸ்கேனுக்கு அனுப்பறது, யாரை வீட்டுக்கு அனுப்பறது?"

"எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்பிடுங்க சார்."

"மிஷின் நாப்பது கிலோமீட்டர் தள்ளி, பெரியாஸ்பத்திரியில இருக்கு. நம்மகிட்ட வேன் ஒண்ணுதானே மேடம்?"

"அப்ப யாரையும் அனுப்பாதீங்க."

அருமைநாயகம் சிரித்தார். ஷகிலா பானு சிரிக்கவில்லை.

"கடைசியா யாரை வீட்டுக்கு அனுப்பினீங்க?"

அவர் வாசல் பெஞ்சைக் காட்டினார். காத்தாயி என்கிற அம்மா, பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் எலுமிச்சம்பழம் கணக்காய் வீக்கம். கூந்தலில் ரெண்டு மஞ்சள் அட்சதை ஒட்டிக்கொண்டிருந்தது. புருசன் வைரக்கண்ணு, வீட்டுக்குப் போகலாமென்று எழுதிக் கொடுத்த சீட்டைப் பிடித்துக்கொண்டு பறந்துகொண்டிருந்தார்.

"கெளம்பறோம்மா. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துருவாங்க. பால் பழம் கொடுக்கணும்," என்றார் ஷகிலா பானுவிடம்.

"எப்படிம்மா விழுந்தீங்க?" என்றார் ஷகிலா பானு.

"வண்டியில பின்னால உக்காந்து வந்தேன். சேலைத் தலைப்பு சக்கரத்துல சிக்கிருச்சு. விழுந்தேன். ஒடனே எந்திரிச்சிட்டேன்."

"பாருங்க மேடம்," என்றார் அருமைநாயகம். "என்கிட்டயும் ஒரு வார்த்தை மாறாம இதையேதான் சொன்னாங்க. மயக்கமில்லை, வாந்தியில்லை."

"ஒரு வார்த்தை மாறாமலா?"

"ஆமா மேடம்."

"ஆட்டோவுல வரும்போதே நான் நாலு தடவை சொல்லிக் கூட்டியாந்தேன்," என்றார் வைரக்கண்ணு பெருமையாக. "டாக்டருங்க கேட்டா இவ திருதிருன்னு முழிப்பா."

ஷகிலா பானு அவரைப் பார்த்தார்.

"அண்ணே, எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வர்றீங்களா?"

"இப்பவாம்மா?"

"இப்பவே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஷகிலா பானு அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருதாணி நல்லா செவந்திருக்கே. யாருக்குக் கல்யாணம்?"

காத்தாயி முகம் மலர்ந்தது. "எம்மவ தேன்மொழிக்கு."

"தாலி ஏறும்போது பொண்ணு அழுதாளா?"

காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னும் ஏறலையே. பத்தரைக்குல்ல முகூர்த்தம்?"

சுவரில் மணி ஒன்று.

அருமைநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் கூந்தலில் ஒட்டியிருந்த அட்சதையைப் பார்த்தார்.

"என்னைய ஏன் இங்க உக்கார வச்சிருக்கீங்க?" காத்தாயி எழுந்திருக்கப் பார்த்தாள். "பெத்தவ நான் இல்லாம யாரு தாரை வாக்கிறது? விடுங்கம்மா, புள்ள தேடும்!"

வாசலில் டீ கிளாஸ் விழுந்து உடைந்தது.

"என்னடி பேசற?" வைரக்கண்ணு குரல் பிசிறியது. "என் பக்கத்துல நின்னு, நீதானடி தண்ணி ஊத்தின!"

"நானா?" என்றாள் காத்தாயி.

வேன் கிளம்பியது. வீட்டுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு பெஞ்சுக்கடியில் டீயில் நனைந்து கிடந்தது. அருமைநாயகம் அதை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூணு மணிக்குப் போன் வந்தது. மண்டைக்குள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, ஆபரேசனுக்குக் கொண்டுபோகிறோம், நல்ல வேளை, நேரத்துக்கு அனுப்பினீர்கள் என்றார்கள்.

அருமைநாயகம் போனை வைத்தார்.

"விழுந்ததைப் பத்தி அத்தனையும் கேட்டேனே மேடம். எல்லாத்துக்கும் சரியாச் சொன்னாங்களே."

"விழுந்ததைத்தான் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டாங்களே சார். கல்யாணத்தை யாரும் சொல்லிக் கொடுக்கலை."